செக்கரம்மா வைத்த சோதனை

“எல்லார்கிட்டயும் கேக்குறீங்களே, உங்ககிட்ட டிக்கெட் இருக்கா?”

ரயிலில் டிக்கெட் செக்கராகச் சேர்ந்த புதிதில் ஒரு பயணி அவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்டவன். பெட்டியே கொல்லென்று சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்து முடிப்பதற்குள் ஆள் அடுத்த பெட்டிக்கு நழுவியிருந்தான். அன்றிலிருந்து வேலை நேரத்தில் அவள் சிரித்ததே இல்லை. சிரிக்க வைக்கிறவனிடம் ஏதோ கோளாறு இருக்கிறது, கேட்காமலே காரணம் சொல்கிறவனிடம் அதைவிடப் பெரிய கோளாறு இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டாள்.

ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகியும் அந்தத் தெருவுக்கு அவள் செக்கரம்மாதான். மாடி வீட்டில் தனியாக இருந்தாள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் கல்யாணமாகி ஊரின் இன்னொரு கோடியில் இருந்தாள். கீழே ஒரு தையல் கடை. கடைக்காரர், அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வருவதைக் கண்டால் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை எடுத்து நீட்டி, “டிக்கெட் இருக்கு செக்கரம்மா, அபராதம் போட்டுடாதீங்க” என்பார். அந்த நகைச்சுவை பழசாகி நரைத்துவிட்டது. ஆனாலும் அவர் விடுவதாக இல்லை.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குள்தான் அரசாங்கம் வெள்ளை டப்பாக்களைக் கொண்டுவந்து மாட்டியது.

சட்டம் புதிதாக மாறியிருந்தது. முன்பெல்லாம் தனியாக இருக்கிற வயதானவர் ஒருமுறை விழுந்துவிட்டால் போதும், முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிடுவார்கள். இப்போது கூடியவரை அவரவர் வீட்டிலேயே இருக்கலாம் என்றார்கள். அதற்கான வசதிகளை அரசாங்கமே செய்து தரும். செக்கரம்மா போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு வாரம் கழித்து மகள் வந்தபோது, தாயின் முழங்கையில் பழுத்துப்போயிருந்த கன்றலைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது. மகள் அழுதாள், கத்தினாள். மாப்பிள்ளை மட்டும் பதற்றப்படாமல், “அத்தை, புதுசா ஒரு திட்டம் வந்திருக்கு, நானே எழுதிப் போடுறேன்” என்றார்.

கேட்காமலே உதவிக்கு வந்தார். செக்கரம்மா அதை அப்போதே மனதில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

தச்சர் வந்து குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்தினார். வழுக்காத விரிப்பு வந்தது. அதோடு நின்றிருந்தால் அவளுக்கு ஆட்சேபணை இருந்திருக்காது. கடைசியாக முதியோர் நல ஆபீசிலிருந்து ஒரு பையன் வந்து வாசல் கதவில் ஒன்று, ஃப்ரிட்ஜில் ஒன்று, குளியலறையில் ஒன்று என்று சோப்பு அளவில் வெள்ளை டப்பாக்களை ஒட்டினான். படுக்கையின் அடியில் தட்டையாக ஒரு பாயைச் சொருகினான்.

“தம்பி, இதுல கேமரா இருக்கா?”

“கேமரா எல்லாம் கிடையாதும்மா. கதவு திறந்தா திறந்துச்சுன்னு தெரியும், படுத்தா படுத்தீங்கன்னு தெரியும். அவ்வளவுதான்.”

“யாருக்குத் தெரியும்?”

“ஆபீசுக்கு. வழக்கத்துக்கு மாறா ஏதாவது இருந்தா ஆளு அனுப்புவாங்க. உங்க நல்லதுக்குத்தாம்மா.”

நல்லதுக்கு என்று யாராவது சொன்னால் செக்கரம்மாவுக்கு மூக்கு வியர்க்கும். ஆனால் டப்பா வேண்டாம் என்றால் இல்லம்தான் என்று மகள் சொல்லிவிட்டிருந்தாள். இந்த வீட்டு ஜன்னல், இந்த வீட்டு நாற்காலி, தண்டவாளம் தெரிகிற சமையலறை மூலை – இதை விட்டுவிட்டு நாலு பேரோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட அவளால் முடியாது. மகள் விரலால் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் மகளிடமிருந்து போன் வந்தது.

“என்னம்மா, நேத்து சரியாத் தூங்கலையா?”

“யாரு சொன்னா?”

“குரல்லயே தெரியுதே.”

செக்கரம்மா போனை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். மகள் கேட்கும்வரை அவள் பேசியது ஒரே ஒரு ‘ஹலோ’. ஒரு ஹலோவில் தூக்கம் தெரியுமா? இரவு முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தது உண்மைதான். அது அவளுக்கும் அந்தப் பாய்க்கும் மட்டும்தான் தெரியும். ஆபீசுக்கும் தெரியும் என்றே வைத்துக்கொண்டாலும், ஆபீசில் இருந்து மகள் காதுக்கு எப்படிப் போனது? நடுவில் யாரோ இருக்கிறார்கள்.

நடுவில் யார் என்று அவள் அதிகம் யோசிக்கவில்லை. மாப்பிள்ளை போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். செத்த போனையும் எழுப்பி உட்கார வைத்துவிடுவார். அவருக்கு இந்த டப்பா எல்லாம் பொம்மை மாதிரி. வீட்டுக்கு வந்தால் நிமிர்ந்து பேசுவதைவிடக் குனிந்து போனைப் பார்ப்பதுதான் அதிகம். ஒருமுறை ஜன்னலோரம் நின்று, “இந்த வீட்டுக்கு வெளிச்சம் நல்லா இருக்கு அத்தை” என்று வேறு சொல்லியிருக்கிறார். மாமியார் வீட்டு வெளிச்சத்தில் மருமகனுக்கு என்ன அக்கறை?

சந்தேகப்பட்டால் போதாது, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். எதிர்பார்க்கிற இடத்தில் ஏறாதே, எதிர்பாராத இடத்தில் ஏறு. இதுதான் அவள் தொழில். மறுநாளிலிருந்து அவள் டப்பாக்களைச் சோதிக்க ஆரம்பித்தாள்.

முதலில் ஃப்ரிட்ஜ். திறந்தாள், மூடினாள், திறந்தாள், மூடினாள். பாலும் பாதி ரொட்டியும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தன. போன் வரவில்லை. சரி, தீனி விஷயம் அவர்களுக்குத் தேவையில்லை போலிருக்கிறது. அடுத்து படுக்கை. பரணில் கிடந்த பழைய வார இதழ்களைக் கட்டுக்கட்டாக எடுத்து, போர்வையால் மூடி, ஆள் படுத்திருப்பதுபோல் கிடத்தினாள். பட்டப்பகலில் அந்தக் கட்டு நிம்மதியாகத் தூங்கியது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து காவல் காத்தாள். சாயங்காலம் போன் அடித்தது.

“உடம்பு சரியில்லையாம்மா?”

“நல்லாத்தானே இருக்கேன். ஏன் கேக்குற?”

“சும்மாதான் கேட்டேன்.”

செக்கரம்மா இருட்டில் தலையாட்டிக்கொண்டாள். மாட்டிச்சு.

குளியலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தினசரியை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரைக்கும் படித்தாள். இரவில் வாசல் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு உள்ளே வந்து படுத்தாள். விடியும் முன் எழுந்து அதை மூடிவிட்டு மறுபடியும் திறந்தாள். எதற்குப் போன் வருகிறது, எதற்கு வரவில்லை என்பதை மனதிற்குள் அடுக்கிவைத்துக்கொண்டாள். நெடுநாளைக்குப் பிறகு வேலைக்குப் போகிறவள்போல் ஒரு சுறுசுறுப்பு வந்தது. கண்ணாடியில் பார்த்தால் முகம்கூடக் களையாகத்தான் இருந்தது.

ஆனால் சேதி மாப்பிள்ளையின் போனுக்குத்தான் போகிறது என்று நிரூபிக்க வேண்டுமே. அதற்குத் தையல்காரரைப் பிடித்தாள்.

“டெய்லர், ஒரு உதவி. நான் சொல்ற நேரத்துல என் வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து மூடணும். குளியலறைக்குள்ள போய் நிக்கணும். கட்டில்ல படுத்து எந்திரிக்கணும்.”

தையல்காரர் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். “செக்கரம்மா, என் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா என்னைத் தச்சுடுவா.”

“உங்க சம்சாரம் ஊருக்குப் போயிருக்கா. எனக்குத் தெரியும்.”

“அதுவும் தெரியுமா? அப்ப மாட்டேன்னா வேற எதையாவது எடுத்து விடுவீங்க. சாவியைக் குடுங்க.”

மாப்பிள்ளை பிஸ்கட் பொட்டலத்தோடு வந்த நாளில் செக்கரம்மா படியிலேயே மடக்கினாள். “மாப்பிள்ளை, டெய்லர் ஏதோ வேலையா வெளிய போறாராம். கொஞ்ச நேரம் கடையில உக்காருவோம் வாங்க.” அவரை வாசலைப் பார்த்து உட்கார வைத்தாள். அவர் போன் இஸ்திரி மேசையில் இருந்தது. தையல்காரர், வெளியே போகிறேன் என்று தெருவரை போய்ச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் படியேறினார். அளவு நாடா தோளில் ஆடியது.

செக்கரம்மா மாப்பிள்ளையோடு வெயிலைப் பற்றிப் பேசினாள். கண்ணெல்லாம் இஸ்திரி மேசையில். மாப்பிள்ளையின் போன் செத்த பல்லிபோல் கிடந்தது. ஒரு முனகல் இல்லை, ஒரு மினுக்கல் இல்லை. மேலே கட்டில் கிரீச்சிடும் சத்தம் அவளுக்கே கேட்டது.

அப்போது அவள் மடியிலிருந்த போன் அடித்தது. மகள்.

“அம்மா, எங்க இருக்க? படுத்திருக்கியா?”

“இல்லையே, கீழ டெய்லர் கடையில. உன் வீட்டுக்காரரும் இங்கதான் இருக்காரு.”

“கீழயா?” என்று ஒரு வார்த்தை மட்டும் வந்தது. பிறகு, “சரி, வைக்கிறேன்” என்று வைத்துவிட்டாள்.

செக்கரம்மாவுக்குச் சப்பென்று போய்விட்டது. மாப்பிள்ளை தப்பிவிட்டார். சத்தமில்லாமல் வைத்திருப்பார், இல்லை வேறொரு போன் வைத்திருப்பார். இப்படி அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தையல்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். “பால்ல ஏடு நல்லா திரண்டிருந்துச்சு செக்கரம்மா” என்று காதோரம் சொன்னார். மாப்பிள்ளை அவரையும் பார்த்தார், மாடிப்படியையும் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கேட்க வேண்டியதைக் கேட்காத மனிதனும் சந்தேகத்துக்குரியவன்தான்.

அடுத்த வாரம் ஆபீசிலிருந்து மதிப்பீட்டு அதிகாரி வந்தாள். மகளையும் மாப்பிள்ளையையும் வரச்சொல்லியிருந்தார்கள். சின்ன வயசுப் பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். குரலில் அளவு தெரிந்து போட்ட சர்க்கரை.

“பயப்படாதீங்கம்மா. சும்மா பேசிட்டுப் போகத்தான் வந்தேன்.”

“நான் எதுக்கு பயப்படணும்?”

அதிகாரி டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். சிவப்புக் கோடுகள் ஏறி இறங்கி ஒரே கிறுக்கலாக இருந்தது. ஃப்ரிட்ஜ் ஓயாமல் திறக்கப்படுகிறது. பகல் முழுக்கப் படுத்தே கிடக்கிறார், இரவில் வாசல் கதவு திறந்து கிடக்கிறது. குளியலறைக்குப் போனால் வெளியே வருவதே இல்லை. “ராத்திரி எது பகல் எதுன்னு உங்களுக்குச் சில சமயம் குழம்புதாம்மா?”

செக்கரம்மா டேப்லெட்டைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். இது அவளுக்குத் தோன்றவே இல்லை. டப்பாவைச் சோதித்த நாளெல்லாம் டப்பா அவளைக் கணக்கெடுத்திருக்கிறது.

“அது நான் இல்ல. படுத்திருந்தது பழைய புத்தகக் கட்டு.”

அதிகாரி மெல்ல மகளைப் பார்த்தாள். பிறகு எதையோ தட்டினாள்.

“புத்தகத்துக்குப் போர்வை போத்துனீங்களா?”

“போத்தாம? டப்பாவுக்கு சோதனை வெச்சேம்மா. சேதி யாருக்குப் போகுதுன்னு பாக்கத்தான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.”

“யாரோ உங்களைக் கண்காணிக்கிற மாதிரி தோணுதா?”

“தோணுதாவா? கண்காணிக்கத்தானே வீடு முழுக்க ஒட்டியிருக்கீங்க!”

மறுபடியும் தட்டினாள். “குடும்பத்துல யார் மேலயாவது சந்தேகம் வருதா?”

செக்கரம்மா மாப்பிள்ளையைப் பார்த்தாள். பார்த்ததையும் அந்தப் பெண் தட்டி உள்ளே போட்டாள். பேசப் பேச வசமாக மாட்டிக்கொள்கிறோம் என்று செக்கரம்மாவுக்குப் புரிந்தது. ரயிலில் எத்தனை பேர் அவள் முன்னால் இப்படி வியர்த்து வழிந்து விளக்கம் சொல்லியிருப்பார்கள்! ஒருத்தனையாவது அவள் நம்பியிருக்கிறாளா?

“டெய்லரைக் கேளுங்க. அவரும் கூடத்தான் இருந்தாரு” என்றாள்.

தையல்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் படியேறி வாசலில் நின்றார். அடையாள அட்டையைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. வேறொருத்தி வீட்டுக் கட்டிலில் போய்ப் படுத்தேன் என்று அரசாங்கத்திடம் எந்த மனிதன் சொல்வான்?

“நானா? நான் மாடி ஏறியே ரொம்ப நாளாச்சு மேடம். முட்டி வலி.”

“டெய்லர்! பால் ஏடு தின்னீங்களே!”

“ஏடா? எனக்கு பாலே ஒத்துக்காது செக்கரம்மா” என்று சொல்லிவிட்டு அந்த முட்டியோடு குடுகுடுவென்று இறங்கிப் போய்விட்டார்.

மகள் சேலை நுனியை முறுக்கிக்கொண்டே, “அம்மா கொஞ்ச நாளாவே இப்படித்தான் மேடம்” என்றாள்.

அந்த வார்த்தை செக்கரம்மாவைத் தூக்கிவாரிப்போட்டது. மகள் அவளை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அதிகாரி பொறுமையாக விளக்கினாள். இந்த நிலைக்கு வந்தவர்கள் தனியாக இருக்கச் சட்டத்தில் இடமில்லை. இல்லத்தில் பெயர் பதிந்துவிடலாம். இடம் கிடைக்கும்வரை மகள் வீட்டில் இருக்க வேண்டும். “யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?” என்று பொதுவாகக் கேட்டாள்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். “மேடம், அத்தை சொல்றது நெசம்.”

“நீங்க சும்மா இருங்க” என்றாள் மகள்.

“எப்படி சும்மா இருக்கிறது? அன்னிக்கு டெய்லர் வாயைத் துடைச்சுக்கிட்டு மாடியிலருந்து இறங்கி வந்ததை நானே பாத்தேன். அத்தை என் பக்கத்துல உக்காந்திருந்தாங்க, மேல கட்டில்ல படுத்திருக்கிறதா சேதி வந்துச்சு. வந்தது எனக்கு இல்ல. இவ போனுக்கு.” மனைவியைக் கைகாட்டினார். “எல்லாச் சேதியும் ஆரம்பத்துலருந்து இவளுக்குத்தான் வருது. அன்னிக்கே இவளுக்குப் புரிஞ்சுபோச்சு. அம்மா டப்பாவுக்கு சோதனை வைக்கிறாங்கன்னு எங்கிட்ட சொல்லிச் சிரிச்சா.”

அதிகாரியின் விரல் நின்றுவிட்டது. “தெரிஞ்சுமா நீங்க ஆபீசுக்குச் சொல்லல?” என்று மகளைக் கேட்டாள்.

மகள் தாயின் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

“குளியலறையில விழுந்தியே, எவ்வளவு நேரம் தரையில கிடந்தே? இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கியா நீ? சொல்லேன், இப்பவாவது சொல்லேன். இங்க வெச்சுச் சொல்லு.”

செக்கரம்மா வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இந்த ஆபீசுப் பெண் அதையும் தட்டி உள்ளே போட்டுவிடுவாள். சொல்லாததையும் போட்டுக்கொள்வாளோ என்னவோ.

“பாத்தீங்களா?” என்று மகள் யாரிடம் என்றில்லாமல் சொன்னாள். “போன் எடுக்கலேன்னா நான் செத்துப் பொழைக்கிறேன். தினமும்.”

வந்தவர்களுக்குச் செக்கரம்மா கொண்டுவந்து வைத்த தேநீர் ஆடை கட்டியது. அதிகாரி போட்டதை எல்லாம் அழித்தாள். புதிதாக எதையோ எழுதினாள். “அப்ப உங்களை இல்லத்துக்கு மாத்த வேண்டியதில்ல. இங்கேயே இருங்கம்மா. ஆனா இனிமே டப்பாகிட்ட விளையாட்டு வேண்டாம், எனக்குத்தான் வேலை போகும்” என்றாள். எழுந்திருக்கப் போனவள் மறுபடி உட்கார்ந்தாள். “இன்னொண்ணு. சேதி யாருக்குப் போகணும்னு முடிவு பண்ற உரிமை உங்களுக்குத்தான். புதுச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. முன்னாடி உங்ககிட்ட சரியாக் கேக்கல போலிருக்கு. இப்ப சொல்லுங்க, யார் பேரைப் போடட்டும்?”

செக்கரம்மா எதிரே இருந்த இருவரையும் பார்த்தாள். வண்டியின் இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் பார்க்கிற பழைய பார்வை அது.

மாப்பிள்ளை ஏன் வாயைத் திறந்தார்? நியாயத்துக்காக என்று நம்ப அவள் நேற்றுப் பிறந்தவள் இல்லை. இல்லத்தில் இடம் கிடைக்கும்வரை மாமியார் எங்கே இருப்பாள்? அவர் வீட்டில். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் போனைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு. அந்தப் பயம்தான் மனிதரைப் பேச வைத்திருக்கிறது. இப்போதும் குனிந்து போனைத்தான் நோண்டிக்கொண்டிருந்தார், காது மட்டும் நிமிர்ந்திருந்தது. இப்படிப்பட்டவர் கையில் சேதி இருந்தால் அவள் தலைகீழாக நின்றாலும் ஆபீசுக்கு மூச்சு விடமாட்டார். மாமியாரை இந்த வீட்டிலேயே வைத்திருக்க அவரைவிட அக்கறையான ஆள் கிடையாது.

மகள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையில், தாய் இரவு வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று பார்க்கிற அதே பார்வை. அதைப் பார்த்தால் காலை எடுத்து வெளியே வைக்க முடியாது. அதனாலேயே செக்கரம்மா அப்போதெல்லாம் பார்க்காமல் போவாள்.

“மாப்பிள்ளை பேரைப் போடுங்க” என்றாள்.

மாப்பிள்ளையின் விரல் போனிலேயே நின்றது.

அதிகாரி போட்டாள். மகளின் பெயர் இருந்த இடத்தில் அவள் விரல் ஒருமுறை அழுந்தி எழுந்தது. மகள் கைப்பையிலிருந்து தன் போனை எடுத்துப் பார்த்தாள். அதில் ஏதோ ஒன்று மறைந்திருக்க வேண்டும். வெறுமனே அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தேநீர் ஆறுது, குடிச்சிட்டுப் போ” என்றாள் செக்கரம்மா.

மகள் போனைப் பைக்குள் போட்டாள், ஜிப்பை இழுத்து மூடினாள். கணவனையும் பார்க்கவில்லை, தாயையும் பார்க்கவில்லை. செருப்பைக்கூட நின்று போட்டுக்கொள்ளாமல் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.